வெயில், மாரி, உப்புக்காற்று: திருகோணமலையில் ஒரு சாய்மனைச் சைக்கிள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாம்பல்தீவிலிருந்து நகரத்துக்கு நான் வேலைக்குப் போய்வருவது சாய்ந்து இருந்து மிதிக்கிற ஒரு மூன்று சில்லுச் சைக்கிளில். நானே செய்தது. உப்புவெளிச் சந்தியில் ஒருவர், தபாற்கந்தோர் வாசலில் ஒருவர், கோயில் வீதியில் நாலு பேர் என்று மறித்துக் கேட்பார்கள். நின்று பதில் சொல்லி வேலைக்குப் பிந்தியதுதான் மிச்சம். அதனால் கேட்கப்பட்டவற்றை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன சாமான்?

வெளிநாடுகளில் ரிக்கம்பன்ட் டிரைக் என்பார்கள். நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று சில்லு பூட்டி, கால் நீட்டுகிற இடத்தில் பெடலை வைத்தால் இதுதான். முதுகு கதிரையில், கால் முன்னே, கை இரண்டும் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கைபிடிகளில். என் மகள் வைத்த பெயர் சாய்மனைச் சைக்கிள். அதையே நானும் வைத்துக்கொண்டேன்.

கால் ஏலாதவர்களுக்குக் கொடுக்கிற வண்டியா?

இல்லை. ஆனால் ஏன் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. யுத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சில்லு வண்டிகளைக் காணாத ஊர் இல்லை. என்னையும் அப்படி நினைத்து ஒரு அம்மா கோயில் வாசலில் 50 ரூபாவைக் கையில் திணித்துவிட்டுப் போனார். கூப்பிட்டுக் கொடுப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார், உண்டியலில் போட்டேன். இது காலால் மிதிப்பது. ஆனாலும் சமநிலை பிடிக்க முடியாதவர்கள், முதுகு நோ உள்ளவர்கள், வயதுபோய் இரண்டு சில்லில் ஏறப் பயப்படுகிறவர்கள் ஆகியோருக்கு இது நன்றாகவே உதவும். நிற்கும்போது காலை ஊன்ற வேண்டியதே இல்லை.

ஏன் செய்தீர்கள்? சாதாரண சைக்கிளுக்கு என்ன குறை?

குறை சைக்கிளில் இல்லை, என் முதுகில். 2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றபோது மோட்டார் சைக்கிளை ஒதுக்கிவிட்டுப் பழைய லுமாலா சைக்கிளைத் தூசு தட்டினேன். இரண்டு மாதத்தில் நாரி பிடித்தது, கழுத்தும் விறைத்தது. நடப்பதா, பஸ்ஸா என்று யோசித்தபோதுதான் இப்படி ஒரு வகை இருப்பது ஞாபகம் வந்தது. அப்புறம் வேலை தொடங்கியது.

இது புதுக் கண்டுபிடிப்பா?

எங்களுடைய தாத்தா காலத்துச் சங்கதி. 1933 ஜூலை 7ஆம் திகதி பாரிஸில் பிரான்சிஸ் போர் என்ற ஓட்டக்காரர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்நிலைச் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். 1914இலிருந்து ஒஸ்கார் எக் வைத்திருந்த 44.247 கிலோமீற்றர் சாதனை அதோடு போனது. போர் முதல் வரிசை வீரரும் அல்லர். அதுதான் மற்றவர்களுக்குக் கூடுதலாகச் சுட்டிருக்கும். அடுத்த ஆண்டே உலகச் சைக்கிள் சங்கம் இந்த வகையைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாததைக் கடைக்காரர் விற்பதில்லை, கடையில் இல்லாததை நாங்கள் காண்பதில்லை. ஆனால் வேகத்தில் ஒன்றும் குறைவில்லை: 2016இல் அமெரிக்காவின் நெவாடாவில் டொட் ரைக்கேர்ட் என்பவர் முழுக்க மூடிய இரண்டு சில்லுச் சாய்நிலைச் சைக்கிளை மணிக்கு 144.17 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தார். நான் மணிக்கு 15. மாடு குறுக்கே வந்தால் பூச்சியம்.

முன்னால் இரண்டு சில்லா, பின்னால் இரண்டா? எது நல்லது?

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. தலை பருத்து வால் மெலிந்த வாற்பேத்தை வடிவம். பின்னால் இரண்டு வைத்தால் செய்வது சுலபம்: பழைய சைக்கிளின் முன்பாதியை அப்படியே பாவிக்கலாம், ஸ்டியரிங் வேலை கிடையாது. ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பினால் அது சரிய முந்தும், பிறேக்கும் ஒரு முன்சில்லை நம்பியே இருக்கும். வாற்பேத்தையில் பாரத்தின் பெரும்பங்கு முன் இரண்டு சில்லுக்கு நடுவில் இருக்கிறது, பிறேக் இரண்டும் அங்கேதான். சந்தைக்கு மூட்டை ஏற்றத்தான் வேண்டும் என்றால் பின்னால் இரண்டு வைப்பதைப் பற்றி யோசியுங்கள். மற்றப்படி முன்னால் இரண்டு.

சட்டம் எதில் செய்தது?

40க்கு 40 மி.மீ. சதுரக் குழாய், சுவர் தடிப்பு 1.5 மி.மீ. இரும்பு. ஒரு நீளக் குழாய் நடுவில், அதற்குக் குறுக்கே ஒரு குழாய், சிலுவைபோல. குறுக்குக் குழாயின் இரு முனையில் முன்சில்லுகள், நீளக் குழாயின் முன்முனையில் பெடல், பின்முனையில் பழைய சைக்கிளிலிருந்து வெட்டிய, பின்சில்லை இரண்டு பக்கமும் பிடிக்கிற பின்முள். அலுமினியத்தில் ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். இரும்பு முறிவதற்கு முன் வளைந்து காட்டும், எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டலாம்.

கல்வனைஸ் குழாய் துருப்பிடிக்காது என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாகப் பூச்சோடு வெல்டிங் பிடித்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர் காய்ச்சல் அடிக்கும். ஒட்டுகிற இடத்தில் பூச்சை நன்றாக உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தொடங்குமுன் உங்கள் வீட்டுக் கதவை அளந்துகொள்ளுங்கள். இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. என் வண்டியின் மொத்த அகலம் 80 செ.மீ., முன் கதவால் நுழையும். குசினிக் கதவால் நுழையாது.

முன்சில்லை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிறீர்களே, அச்சு முறியாதா?

முறியும். எனக்கு முறிந்தது. சாதாரண சைக்கிள் அச்சு 9.5 மி.மீ. தான், இரண்டு பக்கமும் முள் பிடித்திருப்பதால் அது தாங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கத்தை அந்தரத்தில் விட்டால் ஒவ்வொரு குழியும் அதை வளைத்துப் பார்க்கும். மூன்றாவது கிழமை, உப்புவெளியில் ஒரு வேகத்தடையில் இடப்பக்கச் சில்லு கழன்று எனக்கு முன்னே ஓடிப்போய் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் புகுந்தது. நல்லவேளை, நான் மெதுவாகத்தான் போனேன்.

பிறகு லேத் கடையில் புதிதாகக் குடம், அதாவது அச்சில் சுற்றுகிற சில்லின் நடுப்பாகம், கடைந்தேன். 15 மி.மீ. உருக்கு அச்சு, அதில் 6202 இலக்கப் பெயாரிங் இரண்டு. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் அதே இலக்கத்தைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். இரண்டு பக்கமும் றபர் மூடி உள்ளதாகக் கேளுங்கள். குடத்தின் உட்பக்கத்தில் 44 மி.மீ. வட்டத்தில் ஆறு துளை போட்டுவிட்டால் சைக்கிள் டிஸ்க் பிறேக் நேராக உட்காரும். குடத்துக்கு 36 கம்பி.

சில்லு 20 அங்குலம், சிறுவர் பிஎம்எக்ஸ் அளவு. இரண்டு சில்லுச் சைக்கிள் வளைவில் சாயும், அதனால் அதன் கம்பிகளுக்குப் பக்கவாட்டுப் பாரம் குறைவு. இது சாயாது. முழுப் பக்கவாட்டு இழுவையையும் சில்லே வாங்கவேண்டும். பெரிய சில்லு அந்த வேலைக்கு நெகிழ்ந்துவிடும், சிறிய சில்லு தாங்கும்.

ஸ்டியரிங் எப்படி? அதுதான் கஷ்டம் என்கிறார்களே?

அதுதான் முழு வண்டியின் உயிர். அவசரப்படாதீர்கள்.

பழைய பிஎம்எக்ஸ் சைக்கிள் இரண்டின் கழுத்துக் குழாயை (கைபிடித் தண்டு திரும்புகிற குழாயை) வெட்டி, குண்டுகளோடு அப்படியே குறுக்குக் குழாயின் முனைகளில் ஒட்டினேன். சில்லு அந்தக் கழுத்தைச் சுற்றித் திரும்பும். கழுத்தை நேராக நிறுத்தக்கூடாது. மேல்பக்கம் உள்ளே சாயவேண்டும். கழுத்தின் நடுக்கோட்டை நிலம்வரை நீட்டினால் அது டயர் நிலத்தைத் தொடும் இடத்தில்தான் முட்டவேண்டும். என் வண்டியில் அதற்கு 14 பாகை தேவைப்பட்டது. இது சரியாக வந்தால் ஒரு பக்கப் பிறேக்கை மட்டும் பிடித்தாலும் கைபிடி இழுக்காது. பிழைத்தால் ஒவ்வொரு குழியும் உங்கள் கையை முறுக்கும். அதோடு கழுத்தின் மேல்பக்கம் பின்னாலும் கொஞ்சம் சாயவேண்டும், 12 பாகை அளவில். அதனால்தான் கையை விட்டாலும் வண்டி நேராகப் போகும்.

இன்னொன்று: வளைவில் உள்சில்லு வெளிச்சில்லைவிடக் கூடுதலாகத் திரும்பவேண்டும். அதற்குச் சில்லைத் திருப்பும் கைகள் இரண்டையும் பின்சில்லின் அச்சை நோக்கிச் சாய்த்து ஒட்டினால் போதும். அக்கர்மன் முறை என்று இதற்குப் பெயர், குதிரை வண்டிக் காலத்துக் கணக்கு. இன்றைக்கு ஓடுகிற காரிலும் அடிப்படை அதுதான்.

கடைசியாக, இரண்டு முன்சில்லும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கிறதா என்று ஒரு தடியை இரண்டு ரிம்முக்கும் நடுவில் வைத்து அளந்து பாருங்கள். அச்சின் உயரத்தில், முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை. முன்பக்கம் 1 மி.மீ. குறைந்தால் நல்லது. நீங்கள் சீற்றில் இருக்க இன்னொருவர் அளக்கவேண்டும். ஏனென்றால் பாரம் ஏறினால் சட்டம் நெகிழும். நான் வெறும் வண்டியில் அளந்து புது டயர் இரண்டை ஒரு மாதத்தில் தேய்த்தேன்.

செயின் ஏன் இவ்வளவு நீளம்?

பெடல் முன்னால், சில்லு பின்னால். மூன்று சாதாரணச் செயினை இணைத்தேன், மூன்றாவதில் கொஞ்சம் மிஞ்சியது. சீற்றுக்குக் கீழே ஒரு பற்சில்லு செயினை வழி மாற்றும். திரும்பி வரும் பக்கம் கறுப்புத் தண்ணீர்க் குழாய்க்குள்ளால் ஓடுகிறது. அதனால் கால்சட்டையில் கிரீஸ் படாது, மண்ணும் குறைவாகத்தான் ஏறும்.

சீற்றுக்கு என்ன பாவித்தீர்கள்?

முதலில் ஸ்பொஞ்சு. ஒரு மழையில் குடித்த தண்ணீரை மூன்று நாள் கக்கியது. பிறகு குழாய்ச் சட்டத்தில் பிளாஸ்டிக் வயர் பின்னினேன், நம் வீடுகளில் கதிரை பின்னுகிற அதே வயர், அதே பின்னல். முதுகுக்குக் காற்றுப் போகும், மழை விட்ட ஐந்தாவது நிமிடம் துடைத்துவிட்டு இருக்கலாம். இந்த வண்டியில் எனக்கு மிகப் பிடித்த பாகம் இதுதான், செலவு குறைந்ததும் இதுதான். சாய்வு 45 பாகை. இன்னும் சாய்த்தால் காற்றுத் தடை குறையும், ஆனால் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவரின் செருப்பு மட்டும்தான் தெரியும்.

முழுக்க மூடிவிட்டால் வெயிலும் மழையும் படாதே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு கோடைகாலம் செலவழித்தேன்.

டென்மார்க்கிலும் ஒல்லாந்திலும் இந்த வண்டியை மீன் வடிவக் கூட்டால் மூடி, தலை மட்டும் வெளியே தெரிய ஓட்டுகிறார்கள். வெலோமொபைல் என்பது அதன் பெயர். அங்கே எதிரி குளிரும் மழையும். மிதிக்கிறவரின் உடம்புச் சூடே கூட்டுக்குள் அடுப்பு. படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. விளம்பரப் பலகைக்குப் பாவிக்கிற வரியோடிய பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, வயர் கட்டிப் பூட்டி, மூக்கு முதல் வால்வரை மூடினேன். அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ரொக்கெட் என்றார்கள்.

ஜூன் மாதம், பகல் பதினொரு மணி, நிலாவெளி வீதி. கச்சான் அடிக்கிற காலம். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், கச்சான் என்றால் எங்களுக்கு நிலக்கடலையும்தான், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும்தான். இங்கே சொல்வது கொறிக்க முடியாத கச்சான். வெளியில் 34 பாகை இருக்கும். கூட்டுக்குள் வியர்வை காய வழியில்லை, மிதிக்கிற உடம்பு சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேல் கச்சான் இடப்பக்கத் தகட்டில் பாய்போல ஏறி வண்டியை வீதியின் நடுவுக்குத் தள்ளுகிறது. உப்பளத்தைத் தாண்டுவதற்குள் கண் இருண்டது. ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, தகட்டைக் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு அரை மணி நேரம் படுத்திருந்தேன்.

அன்றைக்கு விளங்கியதுதான் இப்போதைய வண்டி. ஒல்லாந்தில் மனிதனை மூடவேண்டும். திருகோணமலையில் மனிதனுக்கு நிழல் போதும், மூடவேண்டியது இயந்திரத்தைத்தான். தலைக்கு மேல் கூரை, காலுக்கு முன் ஒரு மூக்கு, பக்கம் இரண்டும் திறந்தபடி. உப்பும் தண்ணீரும் போகக்கூடாத இடங்கள் எல்லாம் அடைத்தபடி.

கூரை எதில்? காற்றுக்குப் பறக்காதா?

மின்சார வேலைக்குப் பாவிக்கும் பிளாஸ்டிக் குழாயை வளைத்து மூன்று வில், மேலே வெள்ளைத் தறப்பாள். கறுப்பும் நீலமும் வேண்டாம், அடியில் இருப்பவர் அவிந்துவிடுவார். வில்லைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கவில்லை. பழைய ரியூப்பைப் பட்டியாக வெட்டிக் கட்டியிருக்கிறேன். பெரிய காற்று வந்தால் ரியூப் இழுபட்டுக் கூரை பின்னால் மடியும், வண்டி புரளாது. கார்த்திகை, மார்கழி வாடைக்காற்றில் இரண்டு தடவை மடிந்திருக்கிறது. கிண்ணியாப் பாலம் போவதென்றால் கூரையை முதலிலேயே சுருட்டிவிடுவேன். 2009இல் திறந்த அந்தப் பாலம் 396 மீற்றர், எந்தப் பக்கமும் மறைவு கிடையாது.

முன்கண்ணாடி போட்டால் என்ன என்பார்கள். மழையில் வெளிப்பக்கம் துளி, உட்பக்கம் மூச்சு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் தெரியாது. வேண்டுமென்றால் கண் மட்டத்துக்குக் கீழே நிற்கிற அளவு வையுங்கள். அதற்கு மேலால் பார்க்கவேண்டும், அதற்குள்ளால் அல்ல.

மூக்கு படகு மாதிரி இருக்கிறதே?

படகு செய்கிறவர் செய்ததுதான். திருக்கடலூர்ப் பக்கம் பைபர் படகு பழுதுபார்க்கிற ஒருவரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். களிமண்ணும் சீமெந்துப் பேப்பரும் வைத்து உரு, அதன்மேல் மெழுகு, பிறகு பைபர் பாய் இரண்டு படை, ரெசின். எங்கள் வெயிலில் ரெசினுக்குக் கடினமாக்கி 1 வீதமே போதும். கூடினால் கை எடுப்பதற்குள் கல்லாகிவிடும், சூட்டில் வெடிப்பும் வரும். காலையில் செய்யுங்கள், திறந்த இடத்தில் செய்யுங்கள். மூக்கின் அடியில் இரண்டு துளை போட மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் அது உண்மையிலேயே படகாகி, தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு ஓடும்.

உப்புக்காற்றில் எத்தனை வருடம் தாங்கும்?

வெளியிலிருந்து துரு வருவது கண்ணுக்குத் தெரியும், உரசிப் பூசலாம். ஆளை விழுத்துவது குழாய்க்கு உள்ளே வருவது. வெல்டிங்கில் ஊசிமுனைத் துளை ஒன்று இருந்தாலும் இரவில் ஈரக்காற்று உள்ளே போகும், போனது வெளியே வராது. அதனால் சட்டத்தின் மிகத் தாழ்ந்த இடங்களில் 5 மி.மீ. துளை போட்டேன். பழைய எஞ்சின் ஒயிலை உள்ளே ஊற்றி, வண்டியை நாலு பக்கமும் சாய்த்து எல்லாச் சுவரிலும் படவிட்டு, மிச்சத்தை ஒரு பேணியில் வடித்தெடுத்தேன். ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரி தொடங்குமுன், திரும்பச் செய்வேன். ஒரு நாள் முழுக்க முற்றம் கராஜ்போல மணக்கும். மனைவி அன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார்.

வெளியே முதலில் எபொக்சிப் பிறைமர் இரண்டு தடவை, பிறகு வர்ணம். போல்ட்டுகள் துருப்பிடிக்காத உருக்கு. அதை அலுமினியத்துக்குள் முறுக்கினால் உப்புத்தண்ணீரில் அலுமினியம் அரித்து இரண்டும் ஒன்றாகிவிடும், ஆகவே ஒவ்வொரு மரைக்கும் கிரீஸ் தடவித்தான் முறுக்கவேண்டும். படகு எஞ்சினுக்குப் போடுகிற கிரீஸை வாங்குங்கள், தண்ணீரில் கழுவுப்படாது.

கடற்கரை வீதியில் ஓடிவந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். என் கிணறு கோடையில் உவர்க்கும், அதால் கழுவினால் உப்புக்கு உப்பு. குழாய்த் தண்ணீர் ஒரு வாளி, பழந்துணி, முடிந்தது. பீச்சியடிக்கவேண்டாம், பெயாரிங்குக்குள் போகும்.

விளக்கின் மின்கலத்தைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துச் சிலிக்கனால் அடைத்தேன். ஒரு மாதத்தில் உள்ளே வியர்த்து இணைப்புகள் பச்சை பிடித்தன. இப்போது பெட்டியின் அடியில் ஒரு சின்னத் துளை, வாய் கீழே பார்த்தபடி. பிறகு பிரச்சினை இல்லை.

மாரியில் வெள்ளத்துக்குள் ஓடலாமா?

மழையில் ஓடலாம். முன்சில்லு இரண்டுக்கும் மட்கார்ட் கட்டாயம், அதுவும் சில்லோடு சேர்ந்து திரும்பவேண்டும். இல்லையென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் சேற்றுத் தண்ணீர் மடியில் விழும், வாயைத் திறந்தால் வாயிலும். வெள்ளம் வேறு கதை. முன்சில்லின் குடம் நிலத்திலிருந்து 25 செ.மீ. தான், சீற் 30 செ.மீ. தண்ணீர் குடத்துக்கு மேலென்றால் இறங்கித் தள்ளுங்கள். மூடியில்லாத கான் எங்கே தொடங்குகிறது என்று கலங்கிய தண்ணீரில் தெரியாது. இரண்டு சில்லு ஒரு கோட்டில் போகும், இதற்கு மூன்று கோடு. ஏதாவது ஒன்று விழும்.

இடி மின்னலில் கூரை காக்குமா?

காக்காது. காருக்கு இரும்புக் கூடு, அது மின்னலை வெளியாலேயே நிலத்துக்கு இறக்கும். இது தறப்பாள். ஐப்பசிப் பின்னேரங்களில் இருட்டிக்கொண்டு வந்தால், முக்கியமாக உப்பளம், வயல் வெளிகளில், ஏதாவது கட்டடத்துக்குள் போய் இருங்கள்.

புயல் காலத்தில் எங்கே வைப்பீர்கள்?

வீட்டுக்குள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி எங்களுக்கு வடக்கே கரையேறியபோது இந்த வண்டி பிறக்கவில்லை. ஆனால் அயல் வளவுத் தகரம் அன்று போன போக்கைப் பார்த்தபின் எதையும் வெளியே விடுவதில்லை. கதவை அளக்கச் சொன்னது இதற்கும்தான்.

வளைவில் புரளுமா?

வேகமாகத் திருப்பினால் புரளும். இரண்டு சில்லுப் பழக்கத்தில் நாங்கள் வளைவில் சாய்கிறோம். இது சாயாது, ஆகவே நீங்கள்தான் உடம்பை வளைவின் உட்பக்கம் சரிக்கவேண்டும். கணக்குப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: என் முன்சில்லுகளின் இடைவெளி 75 செ.மீ., பாரத்தில் 65 வீதம் முன்னே, ஆளும் வண்டியும் சேர்ந்த பாரமையம் நிலத்திலிருந்து 45 செ.மீ. அப்படியானால் 6 மீற்றர் ஆரமுள்ள வளைவில், உடம்பைச் சரிக்காமல் இருந்தால், மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில் உள்சில்லு கிளம்பும். சீற்றை 10 செ.மீ. உயர்த்தினால் அது 18 ஆகும். கோட்டைக்குள்ளிருந்து இறங்கி வருகிற வளைவில் நான் ஒருமுறை ஒரு சில்லைத் தூக்கிப் பார்த்தேன், விரும்பி அல்ல.

மிதிக்கும்போது கால் வழுக்கினால்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள். கால் பெடலிலிருந்து வழுகி நிலத்தில் ஊன்றினால் வண்டி நிற்காது. குதிக்கால் நிலத்தில் பிடிபட, சட்டம் முன்னேறி வந்து, கால் சீற்றுக்கு அடியில் இழுபடும். கணுக்காலும் முழங்காலும் முறிந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஆகவே கால் பெடலோடு கட்டுப்பட்டிருக்கவேண்டும். விலையுயர்ந்த சப்பாத்துத் தேவையில்லை. பெடலின் பின்னால் குதிக்காலைத் தாங்க ஒரு வளைந்த தகடு, மேலால் ஒரு பட்டி. பாட்டாச் செருப்போடு ஓடக்கூடாது, பின்பட்டி உள்ள செருப்பாவது வேண்டும். சில்லு உருள்கிறவரை கால் பெடலில்தான்.

முழங்கால் நோகாதா?

பெடலின் தூரம் பிழையென்றால் நோகும். சீற்றில் நன்றாகச் சாய்ந்து, குதிக்காலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். கிட்ட இருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். பாரமான கியரில் உன்னவேண்டாம். முதல் இரண்டு கிழமை தொடையில் புதுப் புது இடங்கள் நோகும், அது வேறு, சரியாகிவிடும்.

இவ்வளவு பதிவாக இருக்கிறதே, லொறிக்காரருக்குத் தெரியுமா?

நான் பயந்த அளவுக்கு இல்லை. வினோதமான சாமான் என்பதால் எல்லாரும் வேகம் குறைத்துப் பார்க்கிறார்கள், சிலர் படமும் எடுக்கிறார்கள். அதுவே ஆபத்து, படம் எடுக்கிறவர் வீதியைப் பார்ப்பதில்லை. கூரையின் உச்சி ஒரு மீற்றரைத் தாண்டும், அதற்கு மேல் ஒரு செம்மஞ்சள் கொடி. திரும்பிப் பார்க்க முடியாத வண்டி என்பதால் இரண்டு பக்கமும் கண்ணாடி கட்டாயம். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, அகலம் தெரிகிறமாதிரித் தள்ளித் தள்ளி. லொறி பக்கத்தில் நிற்கும்போது சாரதியின் கண்ணுக்குக் கீழே நீங்கள் இருக்கிறீர்கள். சமிக்ஞைக்கு நிற்கும்போது அதற்குப் பின்னால் நில்லுங்கள், பக்கத்தில் அல்ல. இரவில் கந்தளாய் வீதியிலும் ஹொரவப்பொத்தானை வீதியிலும் நான் ஓடுவதே இல்லை. அங்கே யானைக்கு வழி விடவேண்டியது நாங்கள்தான்.

நாய்கள்?

உங்கள் முகமும் அதன் முகமும் ஒரே உயரம். ஓடினால் துரத்தும், நின்றால் குழம்பிப்போய்விடும். விழாமல் நிற்கக்கூடிய வண்டி என்பது இங்கே உதவும். கோட்டைப் பக்கத்து மான்கள் துரத்துவதில்லை, ஆனால் பின்கூடையில் வைத்த வாழைப்பழத்தை ஒன்று சீப்போடு இழுத்துக்கொண்டு போனது.

கோணேசர் கோயில் ஏற்றம் ஏறுமா?

ஏறும், மெதுவாக. எழுந்து நின்று உன்ன முடியாது, ஆகவே கியர்தான் கதி. முன்னால் 22 பல், பின்னால் 32 பல், 26 அங்குலச் சில்லு: பெடல் ஒரு சுற்றுக்கு 1.4 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீற்றர். பக்கத்தில் நடந்து வருகிறவரோடு கதைத்துக்கொண்டே சுவாமிமலைக்கு ஏறலாம். இரண்டு சில்லில் அந்த வேகத்தில் விழுந்துவிடுவீர்கள்.

கடற்கரை மணலில் மட்டும் வேண்டாம். பின்சில்லு ஒரே இடத்தில் குழி தோண்டும்.

மோட்டார் பூட்டலாமா?

பூட்டலாம். ஆனால் பூட்டிய பிறகு அது சைக்கிளா, வாகனமா என்ற கேள்வி வரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எனக்கு ஆசை இல்லை. இன்னும் பாரம் ஏறும், உப்புக்குத் தின்ன இன்னொரு சாமானும் ஆகும்.

எவ்வளவு முடிந்தது?

ஒரு நல்ல புதுச் சைக்கிளின் விலையைப்போல் இரண்டு மடங்கு, வெட்டி எறிந்த தகட்டையும் முறிந்த அச்சையும் சேர்த்து. மூன்று பழைய சைக்கிள் உயிர்விட்டது. நாலு மாதம், சனி ஞாயிறு மட்டும். கூரையும் மூக்கும் சேர்த்து நிறை 29 கிலோ. லேத் வேலைக்குத்தான் கூடப் போனது, அதில் மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

ஒருமுறை ஓடிப் பார்க்கலாமா?

தாராளமாக. பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, வெயில் தாழ, உட்துறைமுக வீதியில் என்னைக் கண்டால் மறியுங்கள். சீற்றை உங்கள் கால் நீளத்துக்கு மாற்றப் பத்து நிமிடம் பிடிக்கும். பின்பட்டி உள்ள செருப்போடு வாருங்கள். பாட்டாவோடு வந்தால் இருந்து பார்க்க மட்டும்தான் விடுவேன்.